வெங்காயம் உரித்த திருநாள்

"ஒருவருக்கொருவர் சமாதானத்தைத் தெரிவித்துக்கொள்வோம்" என்று பீடத்திலிருந்து ஃபாதர் சொன்னதும், எனக்கு முன் வரிசை வாங்கில் நின்ற பெண் திரும்பிக் கைகூப்பினாள். நானும் கைகூப்பினேன். கைகளுக்கு நடுவில் என் குடை இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். குடை டப்பென்று விரிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குள், ஞாயிறு காலைப் பூசையின் நடுவில், ஊதாப் பூப் போட்ட குடை. ஒரு கம்பி அவளுடைய கொண்டையில் போய் மாட்டிக்கொண்டது. நான் இழுக்க அவள் தலை வந்தது. அவள் பின்வாங்க என் குடை போனது. பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

குடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சமாதானம், பிலோ."

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் கேட்காத குரல். பிலோமினா என்ற என் பெயரைப் பாதியாக்கி, கடைசியில் ஒரு சின்ன இழுவையோடு சொல்ல உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும்.

"சொறி," என்றேன் நான். "குடை... மன்னிச்சுக்கொள்ளுங்க."

வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கவேண்டியவள் அவள். கேட்டுவிட்டு நிற்பது நான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பொறுமையாகக் கம்பியைக் கழற்றி, குடையைச் சுருக்கி, என் கையில் தராமல் தன்னுடைய காலடியில் வைத்துக்கொண்டார். மிச்சப் பூசையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னால் இருந்த கொண்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரைத்திருந்தது. கம்பி இழுத்த இடத்தில் ஒரு கற்றை நட்டுக்கொண்டு நின்றது.

இரண்டு ஓலை

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்துவரும் சிலர் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளவத்தைக்கு நான் வேலைக்கு வந்த கதையை எழுதியபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாணம் நடக்காமல் போனது என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். அந்த வரிக்குள் இருந்தவள்தான் செலின்.

எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே ஒழுங்கையில். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இரண்டு வீட்டுக் கண்ணாடி ஜன்னல்களும் சேர்ந்து அதிரும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடகர் குழு, ஒரே பாட்டுப் புத்தகம். அவளுக்கு என்று ஒரு புத்தகம் இருந்தது. ஆனால் என்னுடையதைத்தான் எட்டிப் பார்த்துப் பாடுவாள், பக்கத்தையும் அவள்தான் திருப்புவாள். நான் ஒரு விஷயத்தை நினைத்துச் சிரிக்கத் தொடங்கினால், என்ன ஏது என்று கேட்காமலே அவளும் சிரிப்பாள். கேட்டால் சிரிப்பு நின்றுவிடுமாம்.

எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ரேமண்ட். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. நல்ல மீசை. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அந்த வயதில் தோன்றவில்லை. செலின்தான் மணப்பெண் தோழி. கேக்குக்குக் கஜு வெட்டியதுகூட அவள்தான், எங்கள் குசினியில் சம்மணம் கட்டி இருந்து.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்களின் பெயரைப் பூசையில் வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். என் பெயரும் ரேமண்டின் பெயரும் முதல் ஞாயிறு வாசிக்கப்பட்டன. இரண்டாம் ஞாயிறும் வாசிக்கப்பட்டன. மூன்றாம் ஞாயிறு அப்போதிருந்த பெரிய ஃபாதர் மற்றச் சோடிகளின் பெயர்களை வாசித்துவிட்டு, ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நேரே பிரசங்கத்துக்குப் போய்விட்டார்.

அப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு உட்கார்ந்துவிட்டார். ரேமண்டும் செலினும் அன்று காலையிலேயே நீர்கொழும்பில் அவருடைய மாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நாளில் இருவரும் இத்தாலிக்குப் போனார்கள்.

கல்யாணக் கேக் ஏற்கெனவே வெட்டி, வெள்ளிக் கடதாசியில் சுற்றி, பெட்டி பெட்டியாக அலுமாரிக்குள் இருந்தது. யாருக்குக் கொடுப்பது? நாங்களே தின்றோம். காலையில் தேத்தண்ணியோடு ஒன்று, பின்னேரம் ஒன்று. அழுதுகொண்டுதான் தின்றேன். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், கேக் மிக நன்றாக வந்திருந்தது.

சிவநேசன் முன் வாங்கில் இருந்த கதை

ஒழுங்கையில் தலைகாட்ட முடியாமல் வெள்ளவத்தையில் சின்னம்மாவின் ஃபிளாட்டுக்கு வந்தேன். ஒரு டியூட்டரியில், பிள்ளைகளைப் பதிகிற மேசையில் வேலை. அங்கே கணிதம் படிப்பித்த சிவநேசன், யாழ்ப்பாணத்துச் சைவர், என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். அவரிடம் என் கதை முழுவதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம்தான் எழுப்பினார்.

"அந்த ஓலை மூண்டு முறையும் வாசிப்பினமோ? அப்ப மூண்டு முறையும் நான் வந்து இருந்து கேக்கவேணும்."

சைவரைக் கட்ட மேற்றிராணியாரின், அதாவது ஆயரின், அனுமதி எல்லாம் எடுத்து, கொட்டாஞ்சேனையிலேயே ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும், நெற்றியில் திருநீற்றோடு, முன் வாங்கில் இருந்து சிவநேசன் கேட்டார். மூன்றாவது முறை பெயர் வாசித்து முடிந்ததும் திரும்பி அப்பாவைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினார், விடை சரி என்பதுபோல. அப்பா அழுதுவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். நான் கோயிலுக்குள். அவர் எதிரே ஹமீத் நானாவின் தேத்தண்ணிக் கடையில், பேப்பரும் பிளேன்டீயுமாக.

நல்ல மனுசன், நல்ல வாழ்க்கை, இரண்டு பிள்ளைகள். பிறகு என்ன குறை? பரலோக மந்திரத்தில், நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னிப்பதைப் பற்றி ஒரு இடம் வரும் இல்லையா, அந்த இடம் வந்தால் எனக்கு இருமல் வரும். முதலில் வேண்டுமென்றே இருமினேன். பிறகு அது தானாகவே வரத் தொடங்கிவிட்டது. ஒரு டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றார்.

பெர்பெச்சுவா அக்காவின் சட்டம்

செலினும் ரேமண்டும் இத்தாலியை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார்கள் என்று குடை விரிந்த அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீடு எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இத்தாலியிலேயே இருக்கிறார்கள். செலின் பாடகர் குழுவில் சேரக் கேட்டாளாம்.

எங்கள் கோயில் மாதர் சங்கத் தலைவி பெர்பெச்சுவா அக்கா. முகத்துவாரத்திலிருந்து கல்யாணம் கட்டி எங்கள் கோயில் பங்குக்கு வந்தவர். என் கதை நடந்த காலத்தில் அவர் இந்தப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் அவரை விட அதை விரிவாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

"எங்கட பிலோவுக்குச் செய்ததை நாங்க மறக்க ஏலுமா?" என்று மாதர் சங்கத்தில் கேட்டார். ஏலாது என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு செலின் வந்து இருந்த வாங்கில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தூண், ஜன்னல், சுரூபம் என்று பார்த்துக் கைகூப்பினார்கள். பாடகர் குழுவில் இடமில்லை என்றார்கள். அந்தக் குழுவில் ஆறு பேர் பாட வேண்டிய இடத்தில் மூன்று பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு மூன்று கிழமை எனக்கு அது இனித்தது. ஊரே என் பக்கம். யாருக்குத்தான் இனிக்காது?

பிறகு ஒரு நாள், பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும்போது, பெர்பெச்சுவா அக்கா தட்டோடு வரிசையாக வந்தார். செலின் கையை நீட்டினாள். தட்டு அவளைத் தாண்டிப் போய் அடுத்த ஆளிடம் நின்றது. நீட்டிய கையை என்ன செய்வது என்று செலினுக்குத் தெரியவில்லை. அந்தக் கையால் தன் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்த மடிப்பை. செய்துகொண்டே தட்டைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னைக் குத்திவிட்டது. எனக்குத் தெரிந்த செலினின் சிரிப்பு அது இல்லை.

ஹமீத் நானாவின் கண்ணாடிப் பெட்டி

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு புதுச் சிநேகிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இஞ்சாரும், ரே எண்டு ஒரு மனுசன் கடைக்கு வாறார். நல்ல ஆள். கிரிக்கெட் எண்டா உயிர். அவரின்ர மனுசியும் உங்கட கோயிலுக்குத்தான் வாறா."

"அவர் ஏன் உள்ளுக்கு வாறேல்லை?"

"அதுதான் நானும் கேட்டனான். உள்ள போக முகமில்லை எண்டு சொல்லுறார். நான் சொன்னன், எனக்கு முகம் இருக்கு, ஆனா நான் சைவம் எண்டு. ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சம்."

ரே என்றால் யாராக இருக்கும் என்று எனக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மனதில் ரேமண்டுக்கு மீசை இருந்தது, கிரிக்கெட் இருக்கவில்லை.

கோயில் திருநாளுக்கு முந்திய ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தேன். சிவநேசன் கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். "வாரும், ரேயை அறிமுகப்படுத்திவிடுறன்" என்று கூப்பிட்டார். உள்ளே பார்த்தேன். ஒருவரும் இல்லை. ரோல்ஸும் கட்லட்டும் அடுக்கி வைத்த கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது.

"தம்பி, அங்க என்ன தேடுறீங்க?" என்று ஹமீத் நானா குனிந்து கேட்டார்.

மொட்டைத் தலை எழும்பியது. மீசை போய்விட்டது. வயிறு வந்துவிட்டது. காதில் கேட்கும் கருவி. அது பதற்றத்தில் கீ என்று ஒரு சத்தம் போட்டது.

"பிலோமினா," என்றார் ரேமண்ட்.

சிவநேசன் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கணக்குப் போடும்போது செய்வதுபோல நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு விடை கிடைத்த கணம் எனக்குத் தெரிந்தது.

"ஓ," என்றார். "அப்ப இவர்தானோ அந்த மூண்டாம் ஓலை?"

ரேமண்ட் தலையைக் குனிந்தார்.

"ஐசே," என்று சிவநேசன் அவருடைய தோளில் கையைப் போட்டார், "உமக்கு நான் கனகாலமா ஒரு நன்றி சொல்லவேண்டிக் கிடக்கு. ஆள் ஆரெண்டு தெரியாமல் இருந்தது. நானா, இவருக்கு ஒரு பால் தேத்தண்ணி, நல்லாச் சீனி போட்டு."

"எனக்குச் சீனி வருத்தம்," என்றார் ரேமண்ட். சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டார். பெரிய மனுசன், ரோல்ஸ் பெட்டிக்கு முன்னால் நின்று, கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். ஹமீத் நானா சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டார்.

"பிலோமினா, நான் உங்களுக்குச் செய்தது..."

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்க," என்றேன்.

அவரைப் பார்க்கப் பார்க்க, யாரோ ஒரு தெரிந்த குடும்பத்தின் மாமாவைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் இருந்து யோசித்தேன். இவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. எப்போதோ போயிருக்கிறது. அப்படியானால் இத்தனை வருடமாக நான் யாருக்காக இருமிக்கொண்டிருக்கிறேன்?

வெங்காயம்

திருநாளுக்கு முதல் நாள் காலையில் கோயில் மண்டபத்தில் சமையல் வேலை தொடங்கும். மஞ்சள் சோறு, கோழிக் கறி, சீனிச் சம்பல். திருநாளுக்கு வருகிற எல்லாருக்கும் சாப்பாடு. சீனிச் சம்பல் என்றால் வெங்காயம், மூட்டை மூட்டையாக. உரித்து மெல்லிசாக வெட்டவேண்டும். யாரும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டுப் போவதில்லை.

செலின் வந்தாள். தன் வீட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பெர்பெச்சுவா அக்கா அவளை மண்டபத்தின் கடைசி மூலைக்கு அனுப்பி, ஒரு முழு மூட்டையை அவள் முன்னால் வைத்தார். "இது உங்களுக்கு," என்றார். எங்களுக்கு, மற்றப் பெண்கள் எல்லாருக்கும், அரிசி பொறுக்கும் வேலை. விசிறிக்குக் கீழே, கதைத்துக் கதைத்து.

நான் கொஞ்ச நேரம் அரிசி பொறுக்கினேன். கல் எது அரிசி எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நீட்டிய கையும் தாண்டிப் போன தட்டும் திரும்பத் திரும்ப வந்தன. எழும்பினேன். ஒரு கத்தியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு மண்டபத்தின் நீளத்துக்கு நடந்தேன். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

செலினுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒரு வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முதல் சொல்லை அவள் சொல்லட்டும் என்று நான், நான் சொல்லட்டும் என்று அவள். அந்த முறை வந்த வெங்காயம் ஒரு பொல்லாத வெங்காயம். மூன்றாவதை வெட்டும்போதே கண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தாரை தாரையாக ஊற்றியது. செலினுக்கு என்னைவிட மோசம், கன்னத்தால் வழிந்து நாடியில் சொட்டியது. கையெல்லாம் வெங்காயச் சாறு, துடைக்கவும் முடியாது. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு வெட்டினோம்.

பெர்பெச்சுவா அக்கா பார்த்தது இதைத்தான்.

"ஆண்டவரே," என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் அவர் அரிசிச் சுளகைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தார். "பாருங்க எல்லாரும். ஒருத்தியோட ஒருத்தி கதைக்க வார்த்தையில்லாமல் அழுகினம். என்ட ஆண்டவரே, உமக்குத் தோத்திரம்."

பிறகு முழங்காலில் விழுந்தார். அவர் விழுந்தால் மாதர் சங்கம் விழாமல் இருக்குமா? எல்லாரும் முழங்காலில். ஒருவர் நன்றிப் பாட்டை எடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி ஃபாதரைக் கூட்டிவர ஓடினாள். வேறொருத்தி, என்ன செய்வது என்று தெரியாமல், போய்க் கோயில் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் ஒழுங்கை சும்மா இருக்காது. யாரோ செத்துப்போனார்கள் என்று ஆட்கள் வந்தார்கள். தீப்பிடித்துவிட்டது என்று ஹமீத் நானா ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அவருக்குப் பின்னால் சிவநேசனும் ரேமண்டும். மன்னாரிலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன ஃபாதர் பாதிச் சவரத்தோடு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அந்த அவசரத்திலும் தீர்த்தச் செம்பை மறக்கவில்லை.

செலின் என் பக்கம் சாய்ந்தாள். உதடு அசையாமல் கேட்டாள்.

"பிலோ, என்னடி நடந்தது?"

"நாங்க சமாதானமாகிட்டமாம்."

"எப்ப?"

"இப்பத்தான் போல."

அவள் தன் கத்தியைப் பார்த்தாள். வெங்காயத்தைப் பார்த்தாள். முழங்காலில் நின்ற மாதர் சங்கத்தைப் பார்த்தாள். அவளுடைய தோள் ஒரு முறை குலுங்கியது. எனக்குத் தெரியும் அந்தக் குலுக்கம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், என் வாயிலிருந்து வந்ததும் சிரிப்புத்தான்.

சிரித்தோம். இந்த வயதில் அப்படிச் சிரிக்கக் கூடாது. விலா வலித்தது, மூச்சு நின்றது. செலின் வாங்கிலிருந்து வழுக்கிக் கீழே போய், வெங்காயச் சருகுக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கப் போய் நானும் உட்கார்ந்தேன். கண்ணீர் வெங்காயத்துக்கா சிரிப்புக்கா என்று யார் பிரித்துச் சொல்வது? இரண்டு பேரும் முகத்தை ஒருத்தி தோளில் ஒருத்தி புதைத்துக்கொண்டு, அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், திரும்பவும் தொடங்கி, அப்படியே கிடந்தோம்.

"பரிசுத்த ஆவி இறங்கிட்டார்," என்றார் பெர்பெச்சுவா அக்கா நடுங்கும் குரலில்.

சின்ன ஃபாதர் எங்கள்மேல் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். அவருடைய கன்னத்து நுரையும் கொஞ்சம் வந்து விழுந்தது. ஹமீத் நானா, தான் கொண்டுவந்த வாளியை என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, அதையும் ஃபாதருக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார்.

பெர்பெச்சுவா அக்கா சொன்னதை நான் மறுத்துச் சொல்லவில்லை. இன்றும் மறுக்கமாட்டேன்.

பைப்படியில்

ஆட்கள் கலைந்த பிறகு கை கழுவ மண்டபத்துக்குப் பின்னால் போனோம். பைப்பில் தண்ணீர் மெல்லிசாக வந்தது. செலின் சவர்க்காரத்தை எனக்குத் தந்துவிட்டு, கழுவின கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"உனக்குச் சொல்லவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் வந்தனான்," என்றாள். "கஜு வெட்டின அண்டைக்கும் சொல்ல வந்தனான். நீ கேக் மாவைக் கலக்கிக்கொண்டு பாடினாய். நான் கஜு வெட்டினன். பிறகு வீட்டுக்குப் போனன். அவ்வளவுதான் என்ட தைரியம்."

பல வருடமாக, வேறு வேறு சொற்களில், குளிக்கும்போதும் பஸ்ஸிலும் நான் அவளிடம் சண்டை பிடித்துப் பிடித்துப் பழகிய பேச்சுகள் எல்லாம் இருந்தன. வந்தது அவற்றில் ஒன்றும் இல்லை.

"ரேமண்டை நீ கொண்டுபோனது எனக்கு ஒரு வருசத்தில மறந்துபோச்சு, செலின்," என்றேன். "செலினையும் ஏன் கொண்டுபோனாய்? எனக்கு ஒரு கஷ்டம் வந்தா ஓடிவந்து சொல்லுறது உன்னட்டத்தானே. அந்தக் கஷ்டத்தை நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

அவள் பைப்பை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"இத்தாலியில எனக்குச் சிரிப்பு வந்தா," என்றாள், "பக்கத்தில திரும்பிப் பார்ப்பன். நீ இருக்க மாட்டாய் எண்டு தெரியும். எண்டாலும் பார்ப்பன். பிள்ளைகள் கேக்கும், அம்மா யாரைப் பாக்கிறீங்க எண்டு." பிறகு நேரே என் முகத்தைப் பார்த்தாள். வெங்காயம் இல்லாத அழுகை அப்போதுதான் வந்தது. "என்னை மன்னிச்சுக்கொள், பிலோ. நான் செய்தது பெரிய பிழை."

"சரி," என்றேன்.

"சரி எண்டா?"

"சரி எண்டா சரி. மன்னிச்சிட்டன். ஆனா மெதுவா அழு. பெர்பெச்சுவா அக்காக்குக் கேட்டா இன்னொருக்கா மணி அடிக்க வைப்பா."

திரும்பவும் அது தொடங்கிவிட்டது. பைப்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் காலெல்லாம் தெறிக்க, சிரித்துக்கொண்டு அழுதோம்.

அதன் பிறகு

திருநாள் அன்று செலினைப் பாடகர் குழுவில் நடுவில் நிறுத்தினார்கள், என்னை அவளுக்குப் பக்கத்தில். தேத்தண்ணித் தட்டு முதலில் அவளிடம்தான் போனது. மாதர் சங்கம் ஒருவரை நேசிக்க முடிவு எடுத்தால் அதிலும் தப்ப முடியாது. அவளுக்கு மட்டும் இரண்டு சோத்துப் பார்சல் கொடுத்தார்கள், பிறகு வடிவாகச் சாப்பிடவில்லை என்று ஏசினார்கள்.

ரேமண்டும் கோயிலுக்குள் வந்தார். கடைசி வாங்கில், சிவநேசனுக்குப் பக்கத்தில். இத்தனை காலம் பூசை காணாததால் அவருக்கு எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்பது தடுமாறியது. திருநீறு பூசிய என் வீட்டுக்காரர் அவரை முழங்கையால் இடித்து இடித்து, "இப்ப எழும்பும்", "இப்ப முழங்கால்" என்று சொல்லிக்கொடுத்ததைப் பீடத்துக்குப் பக்கத்திலிருந்து நானும் செலினும் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. ஒரு பாட்டின் நடு வரி எங்கள் இரண்டு பேராலும் பாடப்படவில்லை.

பரலோக மந்திரம் வந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த வரியை முழுவதாகச் சொன்னேன். சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. சில நாள் காலையில் எழும்பும்போதே அந்த மூன்றாம் ஞாயிறு வந்து நிற்கும், அப்பா எழுந்து நின்று தொண்டையைச் செருமினது கேட்கும். அப்பா இப்போது இல்லை. அவரிடம் அவர்கள் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அப்படியான நாளில் செலின் ஃபோன் எடுத்தால் என் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அவள் ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள். சமையல் தொடங்கும் நேரத்துக்கு. பேச எவ்வளவோ இருக்கிறது, ஆனால் நாங்கள் பேசுவது முக்கியமாக என்ன கறி என்பதைப் பற்றி. கத்தரிக்காய் இன்று என்ன விலை, முருங்கைக்காய் முற்றிவிட்டதா, சீனி வருத்தக்காரருக்கு எந்த அரிசி நல்லது. சிவநேசன் பேப்பருக்கு மேலால் பார்த்து, "இதுக்கே உங்களுக்கு ஒரு மணித்தியாலம் வேணும்?" என்று கேட்பார். வேண்டும்.

சென்ற கிழமை ஒரு நாள் அப்படித்தான் ஃபோனில், கறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் இடையில் நிறுத்தினாள்.

"பிலோ, உண்மையைச் சொல்லு. உனக்கு இன்னும் என்னில கோவம் இருக்கா?"

நான் யோசித்தேன். கீழே, காலிக்குப் போகிற பெரிய வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"சில நாளைக்கு இருக்கு," என்றேன்.

"இண்டைக்கு?"

"இண்டைக்கு நண்டு வாங்கிட்டன். உடைச்சுக் கழுவவேணும். அதுக்கெல்லாம் நேரமில்லை."



"அப்ப நான் வாறன்," என்றாள் செலின், "நீ நண்டை உடைச்சா ஓடெல்லாம் கறிக்குள்ள கிடக்கும்."

மத்தியானத்துக்கு முன் வந்துவிட்டாள்.